ஒருநாள் ஆபரேஷன்: மிச்சம் யாருக்கு?

காலையில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, ஆபரேஷன் செய்துகொண்டு, அன்று மாலையே வீடு திரும்புவது இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. கண்புரை, குடலிறக்கம், விரைவீக்கம், மூலம், சிறு கட்டிகள், பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு என்று எத்தனையோ ஆபரேஷன்கள் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. இதற்கென்றே தனி நிலையங்கள் நகரங்களில் பெருகிவருகின்றன. அங்கே இரவு தங்கும் வார்டு கிடையாது. ஆபரேஷன் தியேட்டர் உண்டு; மயக்கம் தெளியும்வரை படுக்க நாலைந்து கட்டில்கள் உண்டு; பணம் கட்டும் ஜன்னல் உண்டு.

இந்த முறை நல்லதா என்று கேட்டால், நல்லது என்றே தயக்கமின்றிச் சொல்வோம். கண்புரை எடுத்தவரின் தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, அசையாதே என்று நாட்கணக்கில் படுக்க வைத்த காலம் ஒன்று இருந்தது. அத்தனை நாட்களுக்கும் அவருக்குக் கூலி இல்லை. துணைக்கு உட்கார்ந்த மனைவிக்கோ மகனுக்கோ கூலி இல்லை. வாசலில் விற்கும் இட்லிக்கும் காப்பிக்கும் கைமாற்று வாங்கியாக வேண்டும். கண் திரும்பக் கிடைத்தபோது கடனும் கூடவே கிடைத்தது. அந்த நிலைமை மாறியிருப்பது விஞ்ஞானம் உழைப்பாளி மக்களுக்குச் செய்த பெரிய உதவி.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. படுக்கை மிச்சமாகிறது, ஆள் மிச்சமாகிறது, நேரம் மிச்சமாகிறது. ஆகவே பணமும் மிச்சமாகிறது. அந்த மிச்சம் யார் கையில் போய்ச் சேருகிறது? இதைப் புரிந்துகொள்ள, இப்படிப்பட்ட ஒரு நிலையம் எப்படி நடக்கிறது, அதன் வரவு செலவு என்ன என்பதைத் தொழிலாளிகளும் விவசாயத் தொழிலாளிகளும் தெரிந்துகொள்ள வேண்டும். அது டாக்டர்களுக்கும் கணக்கர்களுக்கும் மட்டும் புரியும் மர்ம சாஸ்திரம் அல்ல.

ஏழைக் குழந்தைகளிடம் தொடங்கியது

இந்த முறை பணக்காரர்களின் சௌகரியத்துக்காகப் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் கப்பல் கட்டும் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர். அங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவில் வேலை செய்த ஜேம்ஸ் நிக்கோல் என்ற டாக்டர் 1909-ம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார். பத்து வருஷங்களில் 8,988 ஆபரேஷன்கள் செய்து, குழந்தைகளை அன்றன்றே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிளந்த உதடு, குடலிறக்கம், வளைந்த பாதம் எல்லாம் அதில் அடக்கம். தாயை விட்டுப் பிரித்து வார்டில் போடுவதைவிடத் தாயின் மடியிலேயே குழந்தை நன்றாகத் தேறுகிறது என்றார் அவர். கட்டுப்போட நர்ஸ்கள் வீடு தேடிப் போனார்கள். இந்தக் கடைசி விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

தனி நிலையமாக இது பரவியது அமெரிக்காவில். 1970-ம் ஆண்டில் அரிசோனா மாகாணத்தின் ஃபீனிக்ஸ் நகரில் வாலஸ் ரீட், ஜான் ஃபோர்டு என்ற இரண்டு மயக்க மருந்து டாக்டர்கள் அத்தகைய நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். சின்ன ஆபரேஷனுக்குக்கூடப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கைக்காகக் காத்திருந்து, படுக்கைக்கும் சேர்த்துப் பணம் அழுவானேன் என்பது அவர்களுடைய வாதம். முதியவர்களுக்கான அமெரிக்க அரசாங்கத்தின் மெடிகேர் காப்பீடு 1982 முதல் இப்படிப்பட்ட நிலையங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. இன்று அங்கே மெடிகேர் அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் மட்டும் 6,000-க்கு மேல் இருக்கின்றன.

நிலையம் எப்படி ஓடுகிறது?

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்குவது எளிது. ரிங் பிரேம் ஓடினாலும் நின்றாலும் அதன் விலைக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆபரேஷன் தியேட்டரும் அப்படித்தான். அங்கே பெரிய செலவு கத்தியும் நூலும் அல்ல. தியேட்டர் சும்மா கிடக்கும் நேரம்தான் பெரிய செலவு.

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன டாக்டர் பத்தரைக்கு வந்தால், ஏழெட்டுப் பேர் ஒன்றரை மணி நேரம் கை கட்டி நிற்கிறார்கள். வெறும் வயிற்றில் வர வேண்டிய நோயாளி, யாரும் விவரமாகச் சொல்லாததால் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வருகிறார். அவருடைய ஆபரேஷன் ரத்தாகிறது. இன்னொருவருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருப்பது மேஜையில் படுக்க வைத்த பிறகுதான் தெரிகிறது. நான்கு நாள் முன்னாலேயே அவரைக் கூப்பிட்டுப் பரிசோதித்து மாத்திரை கொடுத்திருந்தால் அந்த நேரம் வீணாகியிருக்காது. அவருடைய ஒரு நாள் கூலியும் வீணாகியிருக்காது.

ஆகவே நல்ல நிர்வாகம் ஆபரேஷன் நாளில் தொடங்குவதில்லை. யாருக்கு ஒருநாள் ஆபரேஷன் பொருந்தும், யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்தறிவது முதல் வேலை. ரத்தம், இருதயம், சர்க்கரை ஆகியவற்றை முன்கூட்டியே பார்ப்பது இரண்டாவது. வரிசை போடுவது மூன்றாவது: பட்டினி தாங்காத குழந்தைகளும் சர்க்கரை நோயாளிகளும் முதலில், மயக்கம் தெளிய அதிக நேரம் பிடிக்கும் ஆபரேஷன்கள் முற்பகலில். கடைசியில் வைத்தால் அவர்கள் இரவுவரை தங்க நேரிடும். நர்ஸ்கள் வேலை நேரத்துக்கு மேல் நிற்க நேரிடும்.

கருவிகளின் கணக்கு இன்னொன்று. ஒரு நோயாளிக்குப் பயன்பட்ட கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, ஆட்டோகிளேவ் என்னும் நீராவிப் பாத்திரத்தில் 121 டிகிரி வெப்பத்தில் வைத்து, உலரவைத்துத்தான் அடுத்தவருக்கு எடுக்க வேண்டும். நான்கு செட் கருவிகளை வைத்துக்கொண்டு நாளுக்குப் பத்து ஆபரேஷன் என்று ஏற்றுக்கொண்டால், இந்த நேரத்தையும் சேர்த்துத்தான் வரிசை போட முடியும். நடவு நாளில் நாற்று, தண்ணீர், ஆள் மூன்றும் ஒரே நேரத்தில் கூடாவிட்டால் என்ன ஆகும் என்பது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். இங்கேயும் நோயாளி, கருவி, டாக்டர், மயக்கம் தெளியும் கட்டில் நான்கும் கூட வேண்டும். கட்டில் காலியாகாவிட்டால் மேஜையில் இருப்பவரை நகர்த்த முடியாது. மேஜை காலியாகாவிட்டால் அடுத்தவரை ஏற்ற முடியாது.

வரவும் செலவும்

இனிக் கணக்குக்கு வருவோம். புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போடுகிறோம். ஒரு நிலையத்துக்குக் கட்டட வாடகை, சம்பளம், கரண்ட், யந்திரங்களுக்கு வாங்கிய கடனின் தவணை எல்லாம் சேர்ந்து மாதம் 9 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் இந்த 9 லட்சம் போயே தீரும். அதற்கு மேல் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் மருந்து, நூல், கையுறை, லென்ஸ் ஆகியவற்றுக்கு 3,000 ரூபாய்.

மாதம் 100 ஆபரேஷன் நடந்தால், ஒவ்வொன்றின் தலையிலும் நிலைச் செலவு 9,000 ரூபாய் விழுகிறது. மருந்துச் செலவு 3,000 சேர்த்து அடக்கம் 12,000. அதே தியேட்டரில் மாதம் 300 ஆபரேஷன் நடந்தால் நிலைச் செலவு 3,000 ஆகக் குறைகிறது. அடக்கம் 6,000. கட்டடம் அதேதான், விளக்கு அதேதான், செலவு பாதியாகிவிட்டது.

இப்போது அந்த நிலையம் 300 ஆபரேஷன் செய்துகொண்டே, பழைய 12,000 ரூபாயையே வசூலித்தால் என்ன ஆகும்? மாதம் வரவு 36 லட்சம். செலவு 18 லட்சம். மிச்சம் 18 லட்சம். இந்தப் 18 லட்சத்தை உண்டாக்கியவர்கள் யார்? வரிசை தவறாமல் வந்த நோயாளிகள், ஓடி ஓடி உழைத்த நர்ஸ்கள், கருவி கழுவியவர்கள், ரத்தக் கறை துடைத்தவர்கள், நேரம் தவறாத டாக்டர்கள். அது யாருக்குச் சொந்தமாகிறது என்பதுதான் நாம் எழுப்பும் பிரச்னை.

இந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத வரிகளும் உண்டு. நோயாளியை அழைத்துவந்து விடுகிறவருக்குக் கமிஷன் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 2002-ம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் டாக்டர்கள் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றன. ஆனாலும் அது “விளம்பரச் செலவு” என்றோ “ஆலோசனைக் கட்டணம்” என்றோ வேறு பெயரில் கணக்கில் நுழைந்து, கடைசியில் நோயாளியின் பில்லில் வந்து உட்காருகிறது. காப்பீட்டுப் பணம் மாதக்கணக்கில் தாமதமாக வந்தால், அதுவரை வாங்கும் கடனுக்கு வட்டியும் அங்கேயே ஏறுகிறது. ஆகவே பில்லைப் பார்க்கும்போது, எது சிகிச்சைக்கு, எது கமிஷனுக்கு, எது வட்டிக்கு என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு இருக்க வேண்டும்.

மிச்சம் போகும் மூன்று வழிகள்

முதல் வழிக்கு உதாரணம் நம் மதுரையிலேயே இருக்கிறது. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து 1976-ம் ஆண்டில் ஓய்வு பெற்ற கண் டாக்டர் கோ. வெங்கடசாமி, 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன அந்த மனிதர் அந்தக் கைகளாலேயே ஆபரேஷன் செய்தவர். அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் நோயாளி தயாராக இருப்பார். முடிந்ததும் மைக்ராஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பும். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, டாக்டர் செய்தே தீர வேண்டிய வேலையைத் தவிர மற்றவற்றை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். இதனால் ஒரு டாக்டர் ஆண்டுக்கு 2,000 கண்புரை ஆபரேஷன்வரை செய்ய முடிந்தது.

கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் அந்நாளில் வெளிநாட்டிலிருந்து சுமார் 100 டாலர் விலையில் வந்தது. 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை மதுரையில் தொடங்கி, அதைச் சுமார் 10 டாலருக்குச் செய்தார்கள்; பிறகு விலை இன்னும் இறங்கியது. பணம் கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கி, அந்த மிச்சத்தைக் கொண்டு, முடியாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்கிறார்கள். சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இப்படிப்பட்டவர்கள். திறமையாக நடத்தினால் ஏழைக்கும் செய்யலாம், நிலையமும் நஷ்டப்படாது என்பதற்கு இது கண்கூடான சான்று. இதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கம் இல்லை. ஆனால் இது ஒரு தர்ம ஸ்தாபனத்தின் நல்லெண்ணத்தில் நிற்கும் ஏற்பாடு. நல்லெண்ணத்தை நம் ஜனங்கள் மதிப்பார்கள். அதை உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது.

இரண்டாவது வழி அமெரிக்க வழி. அங்கே இந்த நிலையங்களில் பெரும்பாலானவற்றில் ஆபரேஷன் செய்யும் டாக்டர்களே பங்குதாரர்கள். ஒரே சிகிச்சைக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவுக்குக் கொடுப்பதைவிடக் கணிசமாகக் குறைந்த தொகையையே மெடிகேர் இந்த நிலையங்களுக்குக் கொடுக்கிறது. ஆக, செலவு குறைவது மெய்தான். ஆனால் செலவு குறைந்த இடத்தில் லாபம் மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தது. 2017-ம் ஆண்டில், அந்நாட்டின் மிகப் பெரிய காப்பீட்டுக் கம்பெனியான யுனைடெட்ஹெல்த் குழுமம், இத்தகைய நிலையங்களைக் கொத்தாக நடத்திவந்த ஒரு கம்பெனியைச் சுமார் 230 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியது. நோயாளியின் பில்லுக்குப் பணம் கொடுப்பவனும், பில்லைப் போடுபவனும் ஒரே முதலாளி ஆகிவிட்டான்.

இன்னொரு விளைவும் உண்டு. லாபத்துக்காக நடக்கும் நிலையம் எளிய நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குகிறது. வயது குறைந்தவர், வேறு வியாதி இல்லாதவர், நல்ல காப்பீடு உள்ளவர் அங்கே போகிறார்கள். இருதய நோயும் சர்க்கரையும் உள்ள கிழவர், காப்பீடு இல்லாத ஏழை ஆகியோர் பொது ஆஸ்பத்திரியின் தலையில் விடப்படுகிறார்கள். பிறகு கணக்கைக் காட்டி, “பாருங்கள், பொது ஆஸ்பத்திரியில் செலவு அதிகம், தனியாரிடம் குறைவு” என்று பிரசாரம் செய்வது சுலபம்! கதிரை ஒருவன் அறுத்துக்கொண்டு, தாளை மற்றவனிடம் விட்டுவிட்டு, உன் விளைச்சல் மட்டம் என்று சொல்வதைப் போன்றது இது.

மூன்றாவது வழி பொது வழி. பிரிட்டனில் தொழிற்கட்சி அரசாங்கம் 1948-ம் ஆண்டில் தேசிய சுகாதார சேவையை ஏற்படுத்தியது. கிளாஸ்கோ டாக்டர் சொன்ன முறையை அந்தப் பொதுச் சேவை காலப்போக்கில் தன் வழக்கமாக்கிக்கொண்டது. முன்கூட்டித் திட்டமிடும் ஆபரேஷன்களில் 75 சதவீதம் ஒருநாள் ஆபரேஷனாக நடக்க வேண்டும் என்று 2000-ம் ஆண்டில் வெளியான அதன் திட்டம் கூறியது. அங்கே வாசலில் பில் கிடையாது. ஒருநாள் ஆபரேஷனில் மிச்சமாகும் படுக்கை, படுக்கை இல்லாமல் தீராத வேறொரு நோயாளிக்குப் போகிறது. அந்தச் சேவைக்கும் பணத் தட்டுப்பாடும் நீண்ட காத்திருப்பும் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மிச்சம் பொதுவில் சேர வேண்டும் என்ற கொள்கை சரியான கொள்கை.

தமிழ்நாட்டில் இந்த வழிக்கான அஸ்திவாரம் ஏற்கெனவே இருக்கிறது. தாலுகாதோறும் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆலைத் தொழிலாளர்களுக்கு, 1955-ம் ஆண்டில் கோயம்புத்தூரில் தொடங்கிய இ.எஸ்.ஐ. இருக்கிறது. 2019 ஜூலை முதல் முதலாளி கூலியில் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் அதற்குச் செலுத்துகிறார்கள். 2009-ல் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் திட்டமாக மாற்றி அமைக்கப்பட்டு, 2018-ல் மத்திய அரசாங்கத் திட்டத்தோடு இணைந்த மருத்துவக் காப்பீடும் இருக்கிறது. அதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை நிர்ணயம் செய்து, ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியும் அந்தப் பணத்தைப் பெறலாம், பெற்றும் வருகிறது. அப்படியிருக்க, தாலுகா ஆஸ்பத்திரியின் தியேட்டர் மயக்க டாக்டர் இல்லாமல் பூட்டிக் கிடந்தால், அந்த நோயாளி எங்கே போவார்? காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு தனியார் நிலையத்துக்குத்தான் போவார். பூட்டிய தியேட்டருக்கும் பொதுப் பணம் செலவாகிறது. திறந்திருக்கும் தனியார் தியேட்டருக்கும் பொதுப் பணம் போகிறது. இரண்டு இடத்திலும் கொடுப்பவர்கள் நாம்தான்.

வேகத்துக்கு வரம்பு வேண்டும்

எண்ணிக்கை கூடினால் செலவு குறையும் என்று சொன்னோம். அந்த உண்மையைக் கண்மூடிப் பிடித்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கும் ஒரு கொடிய பாடம் இருக்கிறது. சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் 2014 நவம்பர் 8-ம் தேதி, குடும்பக் கட்டுப்பாடு முகாம் ஒன்றில், ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். ஒரு குழு ஒரு நாளில் 30-க்கு மேல் செய்யக் கூடாது என்பது அரசாங்கத்தின் விதி. அந்த வாரத்தில் அந்த மாவட்டத்து முகாம்களில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் குறைந்தது 13 பேர் மாண்டார்கள். எல்லோரும் ஏழைக் குடும்பத்துப் பெண்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான், 50,000 ஆபரேஷன் செய்தவர் என்று மாநில அரசாங்கம் அந்த டாக்டரைப் பாராட்டியிருந்தது. 2016 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், இத்தகைய முகாம்களை மூன்று வருஷங்களுக்குள் கைவிடும்படி உத்தரவிட்டது.

அங்கே லாபம் தேடிய முதலாளி யாரும் இல்லை. இலக்கை எட்டத் துடித்த அரசாங்கம் இருந்தது. சர்க்கார் நடத்தினால் மட்டும் போதும் என்று நாம் சொல்லாததற்குக் காரணம் இதுதான். மில்லில் ஒரு தொழிலாளி தலையில் கூடுதல் யந்திரங்களைக் கட்டினால் நூல் அறுகிறது, கையும் போகிறது. தியேட்டரில் வேகத்தைக் கூட்டினால் கருவி வேக நேரம் கிடைக்காது. கை கழுவ நேரம் கிடைக்காது. இவர் இன்னார்தானா, வலது கண்ணா இடது கண்ணா என்று கேட்க நேரம் கிடைக்காது. உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ம் ஆண்டில் 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பெயர், செய்ய வேண்டிய இடம், மருந்து ஒவ்வாமை, பஞ்சு, ஊசி எண்ணிக்கை ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் முறை அது. அதற்கு ஆகும் நேரம் சில நிமிஷங்கள். அந்தச் சில நிமிஷங்களைத் திருடுகிற நிர்வாகம் திறமையான நிர்வாகம் ஆகாது.

இந்த இடத்தில் துப்புரவுத் தொழிலாளியையும் நினைக்க வேண்டும். தியேட்டர் தரையைத் துடைப்பவர், கருவியைக் கழுவுபவர், துணியை வேகவைப்பவர் ஆகியோரின் கையில்தான் சீழ் பிடிக்காமல் காக்கும் வேலை இருக்கிறது. ஆனால் செலவைக் குறைக்க வேண்டும் என்றவுடன் முதலில் கான்ட்ராக்டரிடம் தள்ளப்படுகிறவர்கள் இவர்கள்தான். மாதத்துக்கு ஒரு புது ஆளைக் குறைந்த கூலிக்குக் கொண்டுவந்தால் அவருக்கு யார் பயிற்சி கொடுப்பது? ஐந்தொகையில் மிச்சமாகத் தெரியும் அந்தச் சில ஆயிரம் ரூபாய், நோயாளியின் உடலில் சீழாக வெளிப்படும்.

வீட்டின் மேல் விழும் சுமை

கடைசியாக, எந்த நிலையத்தின் கணக்கிலும் எழுதப்படாத ஒரு செலவைச் சொல்ல வேண்டும். நோயாளியை மாலையில் வீட்டுக்கு அனுப்பினால் ஆஸ்பத்திரிக்குப் படுக்கை மிச்சம். ஆனால் பார்த்துக்கொள்ளும் வேலை மறைந்துவிடவில்லை. அது வார்டு நர்ஸின் கையிலிருந்து வீட்டுப் பெண்ணின் கைக்கு மாறியிருக்கிறது. வேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். கட்டு நனையாமல் பார்க்க வேண்டும். நடு இரவில் ரத்தம் கசிந்தால் எங்கே ஓடுவது என்று தெரிய வேண்டும். அவள் களையெடுப்புக்குப் போகாவிட்டால் அவளுக்குக் கூலி இல்லை. கிளாஸ்கோவில் நூறு வருஷங்களுக்கு முன்னால் நர்ஸ் வீடு தேடிப் போனாள் என்று பார்த்தோம். அந்தப் பாதியை விட்டுவிட்டு, வீட்டுக்கு அனுப்பும் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமாகாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. “ஒருநாள் ஆபரேஷன்தானே, நாளைக்கு வேலைக்கு வா” என்று சொல்ல மேஸ்திரிகளும் மானேஜர்களும் தயாராக இருப்பார்கள். குடலிறக்கத்துக்குத் தையல் போட்டவர் வாரக்கணக்கில் பளு தூக்கக் கூடாது. கண்புரை எடுத்தவர் பஞ்சுத் தூசியிலும் வயல் சேற்றிலும் உடனே இறங்கக் கூடாது. ஒரு நாள் என்பது ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரம். உடம்பு தேறுவதற்கு உடம்பு கேட்கிற நாட்கள் வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாட்கள்வரை கிடைக்கும். ஒருநாள் ஆபரேஷன் செய்துகொண்டவர் டாக்டரிடம் ஓய்வுச் சான்று கேட்டு வாங்க வேண்டும். சங்கம் துணை நிற்க வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கோ இந்த உதவியும் இல்லை. ஆபரேஷன் இலவசமாக நடந்தாலும், வேலை செய்ய முடியாத வாரங்களுக்கு வட்டிக்குத்தான் அவர் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

நாம் கேட்பது

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்று: ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும், இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும் ஒருநாள் ஆபரேஷன் பிரிவு திறக்க வேண்டும். வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில், மயக்க டாக்டர் உட்பட முழு ஆள் பலத்துடன், அறிவித்த நேரத்தில் அது நடக்க வேண்டும்.

இரண்டு: காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரி சம்பாதிக்கும் பணம் அந்த ஆஸ்பத்திரியின் கருவிக்கும், மருந்துக்கும், ஆட்களுக்கும் தாமதமின்றிச் செலவாக வேண்டும்.

மூன்று: சர்க்கார் பணம் வாங்கும் எந்த நிலையமானாலும், தனியாரானாலும் பொதுவானாலும், கட்டண விவரத்தையும், மாதம் எத்தனை ஆபரேஷன் நடந்தது, எத்தனை ரத்தானது, எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது என்ற கணக்கையும் வாசலில் எழுதிவைக்க வேண்டும். ரேஷன் கடையில் இருப்பு எழுதும் பலகையைக் கேட்கத் தெரிந்த ஜனங்களுக்கு இதையும் கேட்கத் தெரியும்.

நான்கு: ஒரு குழு ஒரு நாளில் செய்யும் ஆபரேஷனுக்கு வரம்பு கட்ட வேண்டும், மீறினால் நிலையத்தின் அங்கீகாரம் ரத்தாக வேண்டும். நர்ஸ்களையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் நிரந்தரமாக்க வேண்டும்.

ஐந்து: ஆபரேஷன் செய்துகொண்டவரின் வீட்டுக்கு மறுநாள் கிராம நர்ஸ் போய்ப் பார்க்க வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கு ஓய்வு நாட்களுக்கான உதவித் தொகை கொடுக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆகாத காரியம் அல்ல. தியேட்டரை நேரத்துக்குத் திறந்து ஒழுங்காக நடத்தினால் செலவு பாதியாகக் குறையும் என்பதை மேலே கணக்குப் போட்டே பார்த்தோம். ஆலைகளிலும் வயல்களிலும் உழைக்கும் நம் தோழர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் படித்து, விவாதித்து, தங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் தியேட்டர் வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். பூட்டியிருந்தால் ஏன் என்று கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.